செடூனாவுக்கு மேற்கே

செவ்வாய் மாலை நாலு பத்து.
செடூனாவுக்கு மேற்கே சாலையைச் சமன்செய்த ஒரு கிரேடர்
ஒரு சாண் ஆழம் கூடுதலாய்ப் போய்விட்டது.

பெர்த்தில் என் திரையில்
பச்சையாயிருந்த ஒரு கோடு சிவந்தது.
அவ்வளவுதான், சத்தமே இல்லை.

பிறகு பேச்சு தொடங்கியது.
அந்தப் பக்கம் வழி இல்லையாம்.
யார் சொன்னது?
அடுத்தவன் சொன்னான்.
ரூட்டர்களிடம் வரைபடம் கிடையாது.
பாணனைப் பாணன் ஆற்றுப்படுத்தியதுபோல
எதிரே வருபவனின் வாய்மொழிதான் எல்லாம்.
பாணனாவது போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்.
இவர்கள் யாரும் எங்கும் போனதில்லை.

அரை நிமிடத்தில்
அடிலெய்டுக்குப் போகவேண்டிய அத்தனையும்
வடக்கே திரும்பிக் கடலில் இறங்கியது.
சிங்கப்பூர்.
அங்கிருந்து குவாம்.
குவாமிலிருந்து சிட்னி, சிட்னியிலிருந்து மறுபடி மேற்கே.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே,
இந்தத் தலை கொஞ்சம் பெரிசு.
இருபத்தெட்டு மில்லிநொடி நூற்றுத்தொண்ணூறு ஆனது.
"வழின்னு ஒண்ணு இருக்கே, அதைச் சொல்லு" என்றான் க்ளென்
சிப்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபடி.

கிட்டத்து வழி எதுவோ அதில்தான் போகும்
என்று நினைக்கிறார்கள் வெளியே இருப்பவர்கள்.
நமக்குக் காசு தருபவனின் வழி முதலில்.
கொடுக்கல் வாங்கல் இல்லாத சிநேகிதனின் வழி அடுத்து.
நாம் காசு கட்டும் பெரிய இடத்து வழி
வேறு கதியே இல்லாதபோது.
தூரம் பந்தியில் கடைசி இலை.
இன்னொன்றும் உண்டு:
கூட்டம் தன் வாசலுக்கு வராமலிருக்க
தன் பெயரையே மூன்று முறை சொல்லி
தன்னைத் தொலைவாகக் காட்டிக்கொள்வது.
நானும் சொல்லியிருக்கிறேன்,
வேலை நிமித்தமாக.

நள்ளிரவுக்குமேல் இழை ஒட்ட ஆட்கள் வந்தார்கள்.
கோடு பச்சை.
சிவப்பு.
பச்சை.
ஒவ்வொரு முறையும் எல்லாம் கிழக்கே ஓடி
பாதியில் விழுந்தது.
வந்து வந்து போகும் லிங்க்கைவிட
செத்துக் கிடக்கும் லிங்க் மேல்.
மூன்று மணிக்கு, சிங்கப்பூர் வழிக்கு
நூறு என்றிருந்த எண்ணை இருநூற்றைம்பது ஆக்கினேன்.
இனி யார் என்ன சொன்னாலும் இதுவே உசத்தி.
காலையில் மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் கோடு பச்சையானது, அப்படியே நின்றது.
நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

சனிக்கிழமை நீ அடிலெய்டிலிருந்து கூப்பிட்டாய்.
(வீட்டிலும் எங்கள் கம்பெனி லைன்தான், ஊழியர் சலுகை.)
எப்போ வர்றே என்றேன்.
ஒரு சின்ன இடைவெளி.
இருவரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்து
ஒன்றாக நிறுத்தி
ஒன்றாகவே "நீ சொல்லு" என்றோம்.
யோசிக்கிறாய் என்று நான் நினைத்தேன்.
நீயும் என்னைப் பற்றி அதையே நினைத்திருக்கலாம்.
சீக்கிரம் வைத்துவிட்டோம்.

ஞாயிறு, துணி காய்ந்துகொண்டிருந்த நேரம்,
கைப்பழக்கத்தில் வழியைத் தடம்பிடித்துப் பார்த்தேன்.
நாலாவது வரியில் சிங்கப்பூர்.
வெட்டு ஆறி நாலு நாள்.
கேன்னிங் வேலிலிருந்து உன் அடுக்களைக்கு
என் "ம்" குவாம் போய் வந்துகொண்டிருந்தது.
யாரும் புகார் சொல்லவில்லை.
கிரேடர்காரனைத்தான் நாலு நாளாக
எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம்.

இருநூற்றைம்பதை அழித்து நூறு.
அக்கம்பக்கம் நம்ப ஒரு நிமிடம்.

கூப்பிட்டேன்.
"இன்னிக்கு லைன் நல்லாயிருக்கு" என்றாய்.
எப்போ வர்றே என்று மறுபடி கேட்டேன்.

கடல் இல்லை, தீவு இல்லை,
வறண்ட தரைக்கடியில் கண்ணாடி இழை மட்டும்.
நான் எண்ணவில்லை என்றால் பொய்.
இரண்டு நொடிக்குமேல் போயிருக்கும்,
"ஜூலைல பாக்கலாம்" வந்து சேர்ந்தது
நேர்வழியில்.